நோவு எனக்கு, சேதி அவனுக்கா?

அவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். சொந்தம் இல்லை. சிநேகிதர் என்றும் சொல்ல முடியாது. சோமனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா எட்டு விசைத்தறி போட்டுக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். அந்தத் தறிக்குடோனுக்குப் பாவு பிணைக்க வந்துபோனவர் அவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. "அங்கியே வெச்சுருங்க தம்பி, கையெல்லாம் சாம்பலு" என்பார். பல வருடங்களுக்கு எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

தறி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பீம் என்கிற உருளையில் சுற்றியிருக்கும் நீளவாட்டு நூல்தான் பாவு. அது தீர்ந்துபோனால் தறி நின்றுவிடும். புதுப் பீமைத் தூக்கி மாட்டி, பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். துணியைப் பொறுத்து 2,000 இழை இருக்கும், 3,000 இழையும் இருக்கும். தறிக்குப் பின்னால் தாழ்வான பலகையில் உட்கார்ந்து, முதுகை வளைத்து, விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு அவர் முறுக்கும்போது விரல் அசைவதே தெரியாது. ஒரு இழை வரிசை மாறினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும். அவர் பிணைத்த பாவில் அப்பா குறை சொல்லி நான் கேட்டதில்லை. பாவுக்குள் தலையை விட்டால் பல மணி நேரம் கழித்துத்தான் நிமிர்வார். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

2023 பங்குனியில் அண்ணன் இறந்துபோனார். கணையத்தில் புற்றுநோய். நோய் தெரிந்த பிறகு ஒன்பது மாதம் இருந்தார். நான் திருப்பூரில் வாத்தியார் வேலை பார்க்கிறேன். அந்த ஒன்பது மாதமும், வேலை முடிந்து வரும் வழியில், வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஏன் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு 2009-ல் ஈரலில் கட்டி என்று தெரிந்தது. அதற்குள் முற்றியிருந்தது. டாக்டர் என்னையும் தம்பியையும் அறைக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம், மனசு விட்டுப்போய்விடுவார் என்றாள் அக்கா. மாமாவும் அதையே சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். காமாலை என்று சொல்லிவிட்டோம். ரிப்போர்ட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தோம். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, என்ன பேச வேண்டும் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினோம். தம்பிதான் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டான்.

நாங்கள் சொன்னதை அப்பா நம்பினார் என்று நினைத்தோம். தை பிறந்தால் உடம்பு தேறிவிடும் என்று சொல்லி, இரண்டு பழைய தறிகளுக்கு முன்பணம்கூடக் கொடுத்தார். அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். கிணற்றுப் பங்கில் தகராறு வந்து பதினோரு வருடமாகப் பேசாமல் இருந்த பெரியப்பா, அப்பாவுக்கு நினைவு தப்பிய பிறகுதான் வந்தார். வந்தவர் கட்டுத்தரையில் மாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார், உள்ளே வரவில்லை. யாரிடம் என்ன கொடுக்கல் வாங்கல் என்று அப்பாவிடம் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா? மார்கழி முடிவதற்குள் போய்விட்டார்.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தோம். அதற்கப்புறம் பதின்மூன்று வருடம் நான் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் எந்தக் குடோனிலும் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் தூங்கிய எங்களுக்கு அந்த அமைதியில் தூக்கம் பிடிக்கவில்லை. அண்ணனுக்கும் வேலை இல்லை. அதற்கு முந்தைய தீபாவளியிலிருந்தே அவருக்கு முதுகு வலி. காலமெல்லாம் குனிந்தே இருந்த முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் தைலம் தேய்த்துக்கொண்டு இருந்தார். ஆனால் வேலை நின்று மூன்று வாரம் ஆகியும் வலி குறையவில்லை. இன்னொன்றையும் அவர் கவனித்திருக்கிறார். மல்லாந்து படுத்தால் வலி கூடுகிறது, பாவு பிணைக்கிற மாதிரிக் குனிந்து உட்கார்ந்தால் குறைகிறது.

"வேலையில வந்த வலின்னா, வேலை செய்யற மாதிரி உக்காந்தா எச்சாத்தானுங்க ஆவோணும்? இது கொறையுது. அப்பவே எனக்குச் சந்தேகம்" என்று பின்னால் சொன்னார்.

அவருடைய சந்தேகம் சரி. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அதில் கட்டி வந்தால் வலி முதுகுக்குப் பாயும், முன்னால் சாய்ந்தால் கொஞ்சம் விடும். இதைத் தெரிந்து சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. வைகாசியில் கண் மஞ்சளாகி உடம்பெல்லாம் அரிப்பெடுத்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அதில் இரண்டு வாரம் போயிற்று. கட்டி பித்தநீர்க் குழாயை நெருக்கியதால் வந்த மஞ்சள் அது, கீழாநெல்லிக்கு அடங்குவதில்லை. கோவையில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலுக்கும் பரவியிருந்தது. இந்தப் புற்றுநோயை அறுவை சிகிச்சை செய்யக்கூடிய நிலையில் கண்டுபிடிப்பது ஐந்தில் ஒருவருக்குத்தான் அமைகிறது. அண்ணனுக்கு அமையவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டாக்டர் மகனை மட்டும் வெளியே வரச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் வராந்தாவில் நின்று பேச ஆரம்பிக்கும்போது கதவு திறந்திருக்கிறது. கையில் ஊசிக் குழாய் சொருகியபடி, இன்னொரு கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்து நின்றிருக்கிறார்.

"நோவு எனக்குங்க. சேதி அவனுக்கா? எங்கிட்டச் சொல்லுங்க சார். அவன் வேணும்னா பக்கத்துல நின்னு கேக்கட்டும்."

டாக்டர் நல்ல மனிதர். அண்ணனை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, தானும் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அடைப்பு இருக்கும் இடத்தில் குழாய் வைத்தால் மஞ்சள் இறங்கும், அரிப்பு நிற்கும். கீமோ கொடுத்தால் சில மாதம் கூடலாம். குணமாக்க முடியாது. அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தை நோம்பிக்கு இருப்பனுங்களா?" இருக்கலாம் என்றார் டாக்டர். "சித்திரைத் தேருக்கு?" அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. "சரிங்க" என்று அண்ணன் எழுந்துகொண்டார்.

சேதி கேள்விப்பட்டு நான் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு, என்ன பேச வேண்டும் என்று வண்டியில் போகும்போதே மனசுக்குள் தயார்செய்துகொண்டு போனேன். "ஒண்ணும் ஆவாதுங்ணா, சீக்கிரம் தேறிருவீங்க" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உக்காருங்க தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு ரொம்ப வருசமா இருக்குது."

அப்பா நடமாடிக்கொண்டிருந்த கடைசி வாரங்களில் மூன்றாம் தறிக்குப் பாவு பிணைக்க அவர் வந்திருக்கிறார். வாசலில் தம்பி அவரையும் நிறுத்தி, காமாலை என்றே பேசச் சொல்லியிருக்கிறான். அப்பா மெதுவாகக் குடோனுக்குள் வந்து, தறியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறார்: "ஏப்பா, எனக்கு என்ன நோவுன்னு உனக்குத் தெரியுமா? ஊட்டுல கேட்டா ஆளாளுக்கு மூஞ்சியத் திருப்பறாங்க. நீ நாலு எடம் போறவன். உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நான் தலையவே தூக்கலீங்க தம்பி. பாவப் பாத்துக்கிட்டே, காமாலைதானுங்க, சரியாயிரும்னு சொல்லிப்போட்டேன். உங்கய்யன் சித்த நேரம் நின்னாரு. அப்பறம், சரி, நீ பாவப் பாருன்னு சொல்லீட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு இருநூறு இழைய அவுத்து மறுக்காப் பிணைச்சேன். கை நிக்கல."

என்னால் எதுவும் பேச முடியவில்லை. அப்பா கேட்டிருக்கிறார். எங்களைக் கேட்டால் பதில் வராது என்று தெரிந்துகொண்டு, மாதத்தில் நாலு நாள் வந்துபோகும் வெளியாளிடம் போய்க் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வழியையும் நாங்கள் வாசலிலேயே அடைத்துவைத்திருக்கிறோம். அப்படியானால் அந்த இரண்டு தறிக்குக் கொடுத்த முன்பணம்? தை பிறந்தால் தேறிவிடும் என்ற பேச்சு? அதெல்லாம் எங்களைச் சமாதானப்படுத்த அவர் செய்ததோ என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். இன்றைக்கும் எனக்கு விடை இல்லை.

"அதனாலதானுங்க கதவத் தொறந்துட்டுப் போனேன். நான் உங்கய்யனுக்குச் செஞ்சத எனக்கு எம்பையன் செஞ்சரக்கூடாது" என்றார் அண்ணன். அதற்கப்புறம்தான் நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன்.

கீமோ இரண்டு சுற்று எடுத்துக்கொண்டார். இரண்டாவதற்குப் பிறகு எட்டு நாள் எழவே முடியவில்லை. "இருக்கற நாள இதுலயே தொலைக்க மாட்டேன்" என்று அவரே நிறுத்தினார். மகனுக்கு அதில் சம்மதம் இல்லை, பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை. பிறகு அவனே வந்து பேசினான். நிறுத்தியதுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. கீமோவில் நல்ல பலன் கண்டவர்களும் இருக்கிறார்கள். எதை நிறுத்துகிறோம், நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்து அவர் முடிவெடுத்தார். அப்பாவுக்கு நாங்கள் எடுத்த முடிவுகளில் ஒன்றில்கூட அவர் இல்லை.

கொஞ்சம் தெம்பு வந்ததும் அண்ணன் பீரோவிலிருந்து எடுக்கச் சொன்ன முதல் சாமான் மொய் நோட்டு.

எங்கள் பக்கம் மொய் என்றால் கடன் மாதிரி. நம் வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர் 500 வைத்தால், அவர் வீட்டு விசேஷத்தில் நாம் அதற்குக் குறையாமல், முடிந்தால் நூறு கூட்டி வைக்க வேண்டும். பத்து வருடம் ஆனாலும் நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். அண்ணனின் மகளுக்கு 2016-ல் கல்யாணம் நடந்தது. அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். திருப்பிச் செய்துவிட்ட பெயர்களுக்கு நேரே பென்சில் கோடு போட்டிருந்தார். கோடு விழாமல் 118 பேர் மிச்சம் இருந்தார்கள்.

"இதயெல்லாம் முன்னாடியே குடுத்தரலாமுங்க தம்பி."

விசேஷம் இல்லாமல் மொய் கொடுக்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது என்றேன். "எனக்குத் தெரியாதுங்களா? பையன் தலையில இந்த நோட்ட வெச்சுட்டுப் போறதுக்கு மனசு வல்ல. பணத்துக்குச் சொல்லல. எல்லாருத்தையும் ஒருக்காப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார். மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. மகன் ஒத்துக்கொள்ளாமல் தன் சேமிப்பில் இருந்து எடுத்தான். மஞ்சள் தடவிய கவர்கள் தயாராயின. ஒவ்வொரு கவர் மேலும் நான் பெயர் எழுதினேன்.

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவர் வந்த முதல் வீடு, கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பெரியம்மா வீடு. கவரைப் பார்த்ததும் அந்தம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன பேச்சுப் பேசற நீயி? எம்பேத்தி கல்யாணத்துக்கு நீ வந்து முன்னால நின்னு வெப்ப." அண்ணன் சிரித்தார். "நான் வரமாட்டனுங்க பெரிம்மா. கேன்சரு. வாங்கிக்குங்க." அந்த வார்த்தையை அவ்வளவு சாதாரணமாக ஒருவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் ஊரில் அதற்குப் பேரே கிடையாது. 'அந்த நோவு' என்பார்கள், 'கெட்ட கட்டி' என்பார்கள். பெரியம்மா அழுதார். அழுது முடித்துக் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எங்களை உட்காரவைத்து, அண்ணனின் அம்மாவோடு தான் களை எடுக்கப் போன காலத்துக் கதையெல்லாம் சொன்னார். பொழுது சாயும்வரை எழவிடவில்லை.

எல்லா வீடும் அப்படி இல்லை. ஒருவர், "உசுரோட இருக்கையிலயே காரியம் பண்றயா?" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணனுக்கு மனசு பொக்கென்று போய்விட்டது, வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு ராத்திரியே அந்த மனிதர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பத்து மணி வரைக்கும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "கவரக் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு வீட்டுக்கு மேல் அண்ணனால் அலைய முடியவில்லை. மிச்சத்துக்கு மகன் போனான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வீட்டிலேயே ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் வீட்டில் வாசலில் நின்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவர்கள் மழை பற்றிப் பேசினார்கள், நூல் விலை பற்றிப் பேசினார்கள், சாவு பற்றியும் பேசினார்கள். எனக்கு ஒரு கவர் வந்தது. 501 ரூபாய். என் மகள் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி புது நோட்டு ஒன்று வாங்கி, மூலையில் மஞ்சள் வைத்து, முதல் வரியில் அண்ணன் பெயரை எழுதினாள்.

ஐப்பசியில் வலி தாங்க முடியாமல் போயிற்று. மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அப்போதுதான் வீட்டில் பயம் வந்தது. அபினில் இருந்து எடுக்கிறது, போதைக்கு அடிமையாகிவிடுவார், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொந்தத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அண்ணி மாத்திரையை ஒளித்துவைத்து, ரொம்ப முனகினால் மட்டும் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஒருவர்தான் அண்ணியை உட்காரவைத்துப் புரியவைத்தார். வலி வந்த பிறகு கொடுக்கிற மருந்து இல்லை, வராமல் இருக்க நேரம் தவறாமல் கொடுக்க வேண்டியது. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் போதைக்காக அலைகிறவராக ஆவது ரொம்ப அரிது. கூடவே மலச்சிக்கலுக்கும் தினமும் மருந்து வேண்டும், அதை மட்டும் மறக்கக் கூடாது. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார். ராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக 10 மணிக்கு இரட்டை மாத்திரை.

மூன்றாம் நாள் நான் போனபோது அண்ணன் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் அவரால் அப்படிப் படுக்க முடிந்ததில்லை. அண்ணி என்னை வெளியே நிறுத்தி, "எழுப்பீராதீங்க தம்பி" என்று கிசுகிசுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நம் நாட்டிலேயே அரசாங்க உரிமத்தோடு அபினிச் செடி பயிராகிறது, மருந்துக்காக ஏற்றுமதியும் ஆகிறது. அப்படியிருந்தும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் மார்பினையே வைத்துக்கொள்ளவில்லை. 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் இளகியது. அப்பா 2009-ல் போனார். கடைசி இருபது நாள் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தது எனக்கு மறக்காது. வலிக்கு மருந்து கேட்டுச் சத்தம் போட வேண்டிய நாங்கள், காமாலை என்று பொய் சொல்லிக்கொண்டு அதைக்கூட வாய்விட்டுக் கேட்காமல் நின்றோம். காமாலைக்கு யார் அப்படி வலி மருந்து கேட்பார்கள்?

சாப்பாட்டுக்கும் ஒரு போராட்டம் நடந்தது. அண்ணி செய்யும் அரிசிம்பருப்புச் சோறு என்றால் அண்ணனுக்கு உயிர். மார்கழியில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அண்ணி விடமாட்டார். குழைத்து, நெய் விட்டு, கெஞ்சி ஊட்டுவார். அவருக்காக விழுங்கிவிட்டு அண்ணன் பின்னால் போய் வாந்தி எடுப்பார். உடம்பு வாங்கிக்கொள்ளாத நிலைக்கு வந்துவிட்டது, திணித்தால் தெம்பு வராது, அவஸ்தைதான் வரும் என்று நர்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒருநாள் அண்ணி வட்டலோடு வரும்போது அண்ணன் சொன்னார்: "சோத்த வெச்சுட்டு நீ வா." அண்ணி வட்டலைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். நான் இருக்க வேண்டிய நேரம் இல்லை அது.

அதற்கு முன்னால், கார்த்திகைச் சோமவாரத்தில் ஒன்றில், அவிநாசிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வருடாவருடம் சித்திரைத் தேருக்கு வடம் பிடிக்கப் போகிறவர். தம்பியின் வேனில் பின் இருக்கையில் தலையணை போட்டுக் கூட்டிப்போனேன். சாமி பார்த்துவிட்டு, தேரைப் பார்க்க வேண்டும் என்றார். நிலையில் மூடி நிற்கிற தேரைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு நிழலில் உட்கார்ந்தோம்.

அவிநாசிக் கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுந்தரர் வரும்போது ஒரு வீட்டில் பையனுக்குப் பூணூல் கல்யாணம், மேளச் சத்தம். எதிர்வீட்டில் அழுகை. இரண்டு பையன்களும் ஒரே வயது, ஒன்றாகக் குளத்தில் குளித்தவர்கள், ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிள்ளையை இழந்த அப்பா அம்மா துக்கத்தை மறைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்து சுந்தரரைக் கும்பிடுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தது யார் என்று சுந்தரர்தான் விசாரிக்கிறார். பிறகு பதிகம் பாட, போன வருடங்களின் வளர்த்தியோடு பையன் முதலையின் வாயிலிருந்து திரும்பி வருகிறான்.

"அவுங்க சிரிச்ச மூஞ்சியோடதானுங்க வந்தாங்க" என்றார் அண்ணன். "இவரு கேட்டாரு பாருங்க. கேக்காமப் போயிருந்தா அந்தப் பையன் இன்னும் முதலை வயித்துலதான்."

சிறு வயதிலிருந்து கேட்ட கதை. அதில் அந்த இடத்தை நான் கவனித்ததே இல்லை.

மாசியில் ஒரு காகிதம் எழுதச் சொன்னார். மூச்சு முட்டினால் ஐசியூ, வென்டிலேட்டர் என்று தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், வீட்டிலேயே வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று. இப்படி முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி செய்தது. மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும் என்று இருந்ததை 2023 ஜனவரியில் எளிதாக்கி, இரண்டு சாட்சியோடு நோட்டரி கையெழுத்து இருந்தால் போதும் என்றார்கள். நோட்டரி வீட்டுக்கே வந்தார். மகன் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதும்போது இன்னொருவர் ஞாபகம் வருகிறது. அக்கா வீட்டுக்காரரின் சித்தி. அவரிடமும் போய், நல்லது செய்கிறோம் என்று நான் எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தேன். அந்தம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எதுன்னாலும் எம்பொண்ணுகிட்டச் சொல்லிக்க சாமி. எனக்கு வேண்டாம்" என்றார். அதுவும் அவர் உரிமை, நான் நிறுத்திக்கொண்டேன். வலி தணிப்பு சிகிச்சை கொடுக்கிற டாக்டர்கள் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்: உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று. எங்கள் அப்பாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவராகக் கேட்டபோதும் நாங்கள் பதில் சொல்லவில்லை.

பங்குனியில், ஒரு விடியக்காலம், அண்ணன் போனார். தேருக்கு இன்னும் நாள் இருந்தது. மூச்சு மாறிய உடனே யாரோ ஆம்புலன்ஸ் என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். மகன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்றிருக்கிறான். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரியத்துக்கு வந்த கூட்டத்தில் மஞ்சள் கவர் வாங்கியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் குடோன்கள் அன்றைக்குத் தறியை நிறுத்தியிருந்தன.

போன வருடம் அம்மாவுக்கு அடிக்கடி இடுப்பு வலி. ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி வராந்தாவுக்கு நகர்ந்து, வா என்று கண்ணாலேயே கூப்பிட்டான். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே நின்றான். எனக்கும் கால் அந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்துவிட்டது.

திரும்பி அம்மாவைக் கேட்டேன். "அம்மா, டாக்டர் உன்கிட்டயே சொல்லட்டுமா? இல்ல நாங்க கேட்டுக்கட்டுமா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கிட்டயே சொல்லச் சொல்லு."

தம்பியை உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். சிறுநீரகத்தில் ஒரு கட்டி மாதிரி தெரிகிறது, என்ன கட்டி என்று இன்னும் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்று எத்தனை நாளில் தெரியும் என்று. இன்னொன்று செலவு பற்றி. தம்பி அழுதுகொண்டு நின்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தப் போனக் குடு. உங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அக்காவின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன்.